குவாண்டம் ஆராய்ச்சிப் படிப்பு: ஒரு விண்ணப்பம், மூன்று மேசைகள்

2024 மே மாதக் கடைசியில், அப்போது துணைப் பிரதமராக இருந்த ஹெங் சுவீ கியட் சிங்கப்பூரின் தேசிய குவாண்டம் உத்தியை அறிவித்தார். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 300 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் ஒரு பகுதியாக, முனைவர் நிலையில் 100 பேருக்கும் முதுகலை நிலையில் 100 பேருக்கும் உபகாரச் சம்பளம், அதாவது படிப்புக்கான உதவித்தொகை. அறிவிப்போடு ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'குவாண்டத்தில் நூறு இடமாம், விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்?' என்ற கேள்வி இங்குள்ள தமிழ்ப் பெற்றோரிடமும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்களிடமும் உண்டு.

மருத்துவக் கல்லூரியில் நூறு இடம் என்றால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒரே படிவம், ஒரே தரவரிசை, ஒரே நாளில் முடிவு. இந்த நூறு அப்படிப்பட்டதல்ல. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் சராசரியாக ஆண்டுக்கு இருபது. அந்த இருபதும் ஒரே கட்டடத்தில் இல்லை, ஒரே துறையிலும் இல்லை. ஆகவே 'குவாண்டம் படிப்பு' என்பது என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

குவாண்டம் என்ற பெயரில் எத்தனை துறை?

அணு, எலக்ட்ரான், ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவை நம் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் போல நடந்துகொள்வதில்லை. அவை எப்படி நடக்கின்றன என்று சொல்வது குவாண்டம் இயற்பியல். இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு துகள் ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளின் கலவையாக இருக்க முடிவது மேற்பொருந்தல். இரண்டு துகள்களைத் தூரத் தூர வைத்தாலும், தனித்தனி விவரமாகப் பிரித்துச் சொல்ல முடியாதபடி அவற்றின் நிலை ஒன்றாகவே இருப்பது பின்னிப்பிணைவு.

இது புதிய அறிவு அல்ல. லேசரும் டிரான்சிஸ்டரும் இதே இயற்பியலிலிருந்துதான் வந்தன. ஆனால் அங்கே கோடிக்கணக்கான அணுக்கள் கூட்டமாக வேலை செய்கின்றன. இப்போது பேசப்படும் குவாண்டம் தொழில்நுட்பம் ஒற்றை அணுவை, ஒற்றை ஒளித்துகளைப் பிடித்துவைத்து, சொன்னபடி நடக்கச் செய்வது. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத் துறை பிரிகிறது.

1. கணிப்பின் கோட்பாடு. குவாண்டம் கணினி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கணிதமாக நிறுவுவது. சிங்கப்பூரில் இதைச் செய்பவர்களில் பலர் கணினியியல் துறையில் இருக்கிறார்கள். 2009-இல், ஊடாடும் நிரூபணங்களில் (கேள்வி பதிலாக ஒரு கூற்றைச் சரிபார்க்கும் முறை) குவாண்டம் தரும் கூடுதல் வலு என்ன என்ற பழைய கேள்விக்கு விடை கண்ட நால்வரில் ஒருவரான ராகுல் ஜெயின் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பேராசிரியர். இந்தப் பக்கம் போகிறவருக்கு லேசர் தெரியத் தேவையில்லை; நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் நுனிவிரலில் இருக்க வேண்டும்.

2. கணினியைக் கட்டுவது. மின்புலத்தில் பிடித்த அயனிகள், லேசரால் குளிரவைத்த அணுக்கள், மின்தடையே இல்லாத மீகடத்திச் சுற்றுகள் என்று பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் தனி உலகம். ஒன்றில் கற்ற கைவேலை இன்னொன்றில் பாதிதான் செல்லும்.

3. தகவல் தொடர்பு. ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும்படி ரகசியச் சாவியை அனுப்புவது. பின்னிப்பிணைவைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று 1991-இல் எழுதியவர் ஆர்தர் எக்கர்ட். பிறகு சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப நிலையத்துக்கு முதல் இயக்குநராக இருந்தவரும் அவரே. அந்த நிலையத்தின் குழு ஒன்று செய்த ஸ்பூக்கி-1 என்ற துணைக்கோள் மூன்று கிலோ எடைகூட இல்லாதது. 2019-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டு, சுற்றுப்பாதையிலேயே பின்னிப்பிணைந்த ஒளித்துகள்களை உண்டாக்கிக் காட்டியது.

4. உணர்கருவிகளும் அளவியலும். அணுக் கடிகாரம், ஈர்ப்புமானி போன்றவை. லுட்டீசியம் அயனியைக் கொண்டு துல்லியமான கடிகாரம் செய்யும் வேலை இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. செய்தியில் குறைவாக அடிபடும் பிரிவு இது. கணினியைவிட முன்னதாகக் கைக்கு வரப்போகும் பயன் இங்கேதான் என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தில் 'எனக்குக் குவாண்டத்தில் ஆர்வம்' என்று எழுதுவது, மருத்துவமனை வாசலில் நின்று 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்வதைப் போல. எந்த மாடிக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

கோட்பாடா, சோதனையா என்ற கேள்விக்குத் துறைத் தேர்வைவிட எடை அதிகம். பலர் இதைப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

குளிர் அணுச் சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் எஃகால் ஆன வெற்றிடக் கலம். அதற்குள் காற்று ஏறக்குறைய முழுவதும் போயிருக்க வேண்டும். எஃகின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நீராவிகூடக் கெடுத்துவிடும் என்பதால், கலம் முழுவதையும் அலுமினியத் தாளால் சுற்றி, சூடேற்றும் நாடாக்களைக் கட்டி, பல நாள் சுட வைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெருநாள் சமையலுக்குத் தயாராகும் அண்டா மாதிரி இருக்கும். சுட்டு முடித்து ஆறவைத்த பிறகு ஓர் இணைப்பில் கசிவு தெரிந்தால், திரும்பவும் முதலிலிருந்து.

அப்புறம் லேசர். ருபிடியம் அணுவோடு பேச 780 நானோமீட்டர் அலைநீளம் வேண்டும். சற்றே நழுவினாலும் அணு காது கொடுக்காது. அறையின் வெப்பம் மாறினால் லேசர் நழுவும். குளிர்சாதனம் மக்கர் செய்த நாள் அளவீடு இல்லாத நாள். ஆராய்ச்சி என்றதும் நினைவுக்கு வருவது சமன்பாடு. இங்கே பாதி நாள் குழாய் பொருத்துவதிலும், கம்பி பற்றவைப்பதிலும், கருவியை ஓட்டும் நிரலைத் திருத்துவதிலும் போகும். இதில் அலுப்பில்லாதவர்களுக்கு இது அருமையான வேலை. மற்றவர்களுக்கு நான்கு ஆண்டு நீளமானது.

மூன்று மேசைகள்

சரி, துறையும் வகையும் தெளிந்தாகிவிட்டது. விண்ணப்பம் எங்கே போகிறது? சிங்கப்பூரில் முனைவர் படிப்புக்கான ஒரு விண்ணப்பம் மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும்.

1. பல்கலைக்கழகத்தின் மேசை. பட்டம் தருவது பல்கலைக்கழகம் மட்டுமே. முந்தைய பட்டம், மதிப்பெண், மொழித்தகுதி ஆகியவற்றை இங்கே பார்க்கிறார்கள். பொதுவாக இரண்டாம் வகுப்பு மேல்நிலை ஹானர்ஸ் (சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்புக்கு அடுத்த நிலை) அல்லது அதற்கு ஈடான தகுதியை எதிர்பார்க்கிறார்கள். நான்காண்டு பட்டம் நன்றாக இருந்தால் முதுகலை இல்லாமலே முனைவர் படிப்பில் நேராகச் சேரலாம். இந்தியாவின் மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவர் பொதுவாக எம்.எஸ்சி. முடித்துவிட்டு வருவதே வழி. சில துறைகள் ஜிஆர்இ (GRE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்கின்றன. இந்தியப் பட்டதாரிகளிடம் அதற்குப் பதிலாக இந்தியாவின் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை ஏற்கும் துறைகளும் உண்டு.

2. நெறியாளரின் மேசை. தமிழ்நாட்டில் கைடு என்பார்கள். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், 'இவரை என் குழுவில் எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு பேராசிரியர் சொல்லாவிட்டால் சோதனை அறிவியலில் பெரும்பாலும் காரியம் நகராது. ஆய்வகத்தில் ஒரு மேசையும், ஒரு திட்டமும், பொருள் வாங்கப் பணமும் அவரிடம்தான் இருக்கின்றன.

3. பணத்தின் மேசை. உபகாரச் சம்பளம் தரும் அமைப்பு. இது பல்கலைக்கழகமாகவே இருக்கலாம், ஏஸ்டார் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பாக இருக்கலாம், ஓர் ஆய்வு நிலையமாகவும் இருக்கலாம்.

மூன்றும் ஒரே வரிசையில் திறப்பதில்லை. ஒருவருக்கு நெறியாளர் சம்மதித்தும் உபகாரச் சம்பளம் வராமல் போகலாம். இன்னொருவருக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்தும், அவர் குறிப்பிட்ட பேராசிரியருக்கு அந்த ஆண்டு ஆளே தேவைப்படாமல் இருக்கலாம். 'எனக்கு நல்ல மதிப்பெண், ஏன் கிடைக்கவில்லை?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இரண்டாம் மேசையிலோ மூன்றாம் மேசையிலோ இருக்கும். கேட்பவரோ முதல் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் 2007 டிசம்பரில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நாட்டின் முதல் ஆய்வுச் சிறப்பு நிலையம் அதுதான். 2024-இன் உத்திப்படி அது தேசிய நிலையமாக விரிந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம், ஏஸ்டார் ஆகிய இடங்களிலும் கிளை கொண்டிருக்கிறது. ஆனால் நிலையம் பட்டம் தருவதில்லை, ஏஸ்டாரும் தருவதில்லை. புவன விஸ்தாவுக்குப் பக்கத்தில் ஃபியூஷனோபொலிஸ் கட்டடத்தில் தினமும் வேலை செய்யும் மாணவர், காகிதத்தில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவராக இருப்பார். 'எங்கே படிக்கிறாய்?' என்று கேட்டால் அவர் இரண்டு பெயரைச் சொல்வது அதனால்தான்.

முதுகலை என்றால் எந்த முதுகலை?

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. பாடத்திட்ட முதுகலை என்பது வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, ஓராண்டிலோ இரண்டாண்டிலோ முடிப்பது. கட்டணம் மாணவர் கையிலிருந்து போகும், பெரும்பாலும் பல பத்தாயிரம் வெள்ளி. ஆய்வு முதுகலை என்பது நெறியாளருக்குக் கீழே ஆய்வு செய்து, ஆய்வேடு எழுதிப் பெறுவது.

முனைவர் படிப்புக்கு ஏணியாகப் பாடத்திட்ட முதுகலையை எடுக்கலாமா? பொறியியலிலோ கணினியியலிலோ பட்டம் பெற்று, குவாண்டம் இயற்பியலை முறையாகப் படிக்காதவருக்கு அது பொருந்தும். நல்ல ஹானர்ஸ் கையில் இருப்பவர் 'முதலில் மாஸ்டர்ஸ், அப்புறம் பிஎச்டி' என்று பழக்கத்துக்காகப் போவது பணவிரயம். கடன் வாங்கிப் போவதாக இருந்தால் இன்னும் மோசம்.

பணக்கணக்கு

சோதனை அறிவியலில் முனைவர் படிப்பை யாரும் சொந்தக் காசில் படிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கட்டணத்தை உபகாரச் சம்பளம் ஏற்கும். மாதம் ஒரு தொகையும் வரும்.

வெளிநாட்டு மாணவருக்கு அதிகம் தெரிந்தது சிங்கா எனப்படும் சிங்கப்பூர் அனைத்துலக ஆய்வு மாணவர் விருது. நான்கு ஆண்டு வரை முழுக் கட்டணம்; மாதம் 2,700 வெள்ளி, தகுதித் தேர்வில் தேறிய பிறகு 3,200 வெள்ளி. வந்து இறங்கிய செலவுக்கு ஒருமுறை 1,000 வெள்ளி, விமானப் பயணத்துக்கு 1,500 வெள்ளி வரை. முடித்த பிறகு இங்கேயே இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம், பேச்சு வழக்கில் பாண்டு, இதில் இல்லை. விண்ணப்பக் கடைசி நாள்கள் இரண்டு: ஆகஸ்ட் சேர்க்கைக்கு முந்தைய டிசம்பர் 1, ஜனவரி சேர்க்கைக்கு முந்தைய ஜூன் 1.

2,700 வெள்ளியை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது தமிழ்நாட்டு வீடுகளில் முதல் வேலை. பெருக்கிப் பார்க்கட்டும், கூடவே வகுத்தும் பார்க்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறைக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டிப் போய்விடும். வளாக விடுதி கிடைத்தால் நிம்மதி, ஆனால் நான்கு ஆண்டும் கிடைக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. காப்பிக்கடையிலும் தேக்கா உணவங்காடியிலும் சாப்பிட்டு, பேருந்திலும் ரயிலிலும் போனால் ஒருவருக்குப் போதும், மிச்சமும் பிடிக்கலாம். ஊருக்கு மாதாமாதம் பெரிய தொகை அனுப்பும் திட்டம் இருந்தால் மிச்சம் மிஞ்சாது.

சிங்கப்பூரருக்குக் கணக்கு வேறு. பல்கலைக்கழகங்களின் ஆய்வு உபகாரச் சம்பளத்தில் குடிமக்களுக்கான தொகை கூடுதல், நிரந்தரவாசிகளுக்கு அதற்கு அடுத்து, வெளிநாட்டு மாணவருக்கு அதற்கும் அடுத்து. ஆனால் ஒப்பிட வேண்டியது பக்கத்து மேசை மாணவரோடு அல்ல, வேலைக்குப் போன வகுப்புத் தோழரோடு. இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் இது சம்பளமே இல்லை. அதே காரணத்தால்தான், சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியைப் பற்றி விருதுக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படிக்க வேண்டும். வீவக வீட்டுக்குச் சேமநிதியைக் கொண்டு முன்பணம் கட்ட நினைக்கும் ஜோடிக்கு நான்கு ஆண்டு இடைவெளி சின்ன விஷயமல்ல. ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை முடித்து, நான்காண்டுப் பட்டம் பெற்ற ஆண் முனைவர் படிப்பைத் தொடங்கும்போது வயது 25-ஐ ஒட்டியிருக்கும். முடிக்கும்போது முப்பது தட்டும்.

இந்த இடைவெளி வேண்டாம் என்பவருக்கு இன்னொரு பாதை உண்டு. பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தொழில்துறை முதுநிலைப் பயிற்சித் திட்டத்தில், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே முனைவர் பட்டம் பெறலாம்; நேரத்தில் குறைந்தது பாதி நிறுவனத்தில் கழியும். குறை என்னவென்றால், ஆய்வுத் தலைப்பை நிறுவனத்தின் தேவை தீர்மானிக்கும்.

ஏஸ்டாரின் உள்நாட்டு உபகாரச் சம்பளங்கள் சிலவற்றில் பாண்டு உண்டு. எந்த விருதாக இருந்தாலும் இரண்டு வரிகளை முதலில் படிக்க வேண்டும்: எந்த நாட்டினருக்கு என்ற வரி, முடித்த பிறகு என்ன கடமை என்ற வரி.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்

இரண்டாம் மேசைக்குப் போகும் வழி பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல். வழக்கமாகப் போகும் மின்னஞ்சல் இப்படி இருக்கும்:

'மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையாருக்கு, உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து பணியாற்ற விரும்புகிறேன். நான் கடின உழைப்பாளி. தங்கள் துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு. என் தன்விவரத்தை இணைத்துள்ளேன்.'

இதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதையே நாற்பது பேருக்கு அனுப்பலாம், அனுப்பியும் இருப்பார்கள். 'ஐயா அல்லது அம்மையார்' என்ற இடத்திலேயே படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று:

'உங்கள் குழு சென்ற ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒற்றை அணுவின் மேல் ஒளியைக் குவிக்கும் பகுதியைப் படித்தேன். அணு பொறியில் தங்கும் நேரத்தைக் குறைப்பது பின்னணி வாயுவா, லேசரின் இரைச்சலா என்பதை எப்படிப் பிரித்தறிந்தீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. என் இறுதியாண்டுத் திட்டத்தில் ருபிடியம் ஆவிக் குடுவையைக் கொண்டு லேசரின் அலைநீளத்தை நிலைப்படுத்தினேன். காலையில் நின்றது, மதியத்தில் நழுவியது. காரணம் குடுவையின் வெப்பம் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அடுத்த ஆகஸ்ட் சேர்க்கைக்கு உங்கள் குழுவில் இடம் இருக்குமா?'

எழுதியவர் ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறார், புரியாததைப் புரியவில்லை என்கிறார், ஒரு தோல்வியை மூன்று வாரம் துரத்தியிருக்கிறார். 'கடின உழைப்பாளி' என்ற சொல் எங்கும் இல்லை, ஆனால் அது தெரிகிறது. நீளமும் அரைப் பக்கம்தான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் எழுதுவது தொல்லை.

விண்ணப்பத்தோடு சேர்க்கும் நோக்கக் கட்டுரைக்கும் இதே அளவுகோல்தான். 'சிறு வயதில் நட்சத்திரங்களைப் பார்த்தபோதே' என்று தொடங்கும் கட்டுரைகள் ஏராளம். முதல் வரியிலேயே என்ன செய்தேன் என்று சொல்லத் தொடங்குபவர் தேர்வுக்குழுவின் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

'நீயே எழுதிக் கொண்டு வா'

சிங்கா உள்பட பெரும்பாலான விருதுகளுக்கு இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரை வேண்டும். அவர்கள் அதை இணையத்தில் நேரடியாகச் சமர்ப்பிப்பார்கள். இங்கேதான் தமிழ்நாட்டு மாணவர் பலர் ஒரு பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பரிந்துரை கேட்டுப் போனால், 'நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்' என்பார் பேராசிரியர். இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அறுபது பேர் வகுப்பில் அவருக்கு நேரமில்லை.

விளைவு இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதும்போது கூச்சத்தில் பொதுவான புகழ்ச்சியாக எழுதுவார்: ஒழுக்கமானவர், நேரந்தவறாதவர். அது பள்ளி நன்னடத்தைச் சான்றிதழ் போலாகிவிடும். இரண்டு, இரண்டு பரிந்துரைகளிலும் ஒரே கை தெரியும். நூற்றுக்கணக்கில் படிப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

தேர்வுக்குழு தேடுவது வேறு. இந்த மாணவரை வேறு மாணவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார், தனியாக விட்டால் என்ன செய்தார், தவறு நேர்ந்தபோது என்ன செய்தார். இவற்றை நேரில் பார்த்த ஒருவர்தான் எழுத முடியும். அதனால் துறைத்தலைவர் என்ற பதவியைவிட, திட்டத்தை நேரடியாக மேற்பார்த்த இளநிலை ஆசிரியரின் கடிதம் மேல். பேராசிரியருக்கு நேரமில்லையென்றால் கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்புகளை எழுதிக் கொடுக்கலாம்: எந்தப் பருவத்தில் என்ன பாடம், எந்தத் திட்டம், அதில் எது சொதப்பியது, எப்படிச் சரியானது. கடிதத்தை அவர் தன் சொல்லில் எழுதட்டும். ஜிமெயில் முகவரிக்குப் பதில் கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பும்படி கேட்டுக்கொள்வதும் நல்லது.

சிங்கப்பூரில் படித்தவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. இங்கே வேறொன்று உண்டு: விரிவுரைக் கூடத்தில் முந்நூறு பேரில் ஒருவராக இருந்து ஏ வாங்கியவரைப் பேராசிரியருக்கு முகம் தெரியாது. இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே ஓர் ஆய்வகத்தில் இளநிலை ஆய்வுத் திட்டம் எடுத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

நேர்காணல்

பெரும்பாலும் காணொளியில் நடக்கும். கடினமான கேள்விக்குத் தயாராகி வந்து எளிய கேள்வியில் தடுமாறுபவர்களே அதிகம். எலக்ட்ரான் போன்ற ஸ்பின்-½ துகளின் ஸ்பின்னை ஒரு திசையில் அளந்து, பிறகு அதற்குச் செங்குத்தான திசையில் அளந்தால் என்ன கிடைக்கும் என்பது போன்ற இளநிலைக் கேள்வி வரும். சொன்ன விடையைவிட, யோசிக்கும் பாதையை உரக்கச் சொல்வது உதவும். தன் சொந்தத் திட்டத்தில் உள்ள வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பொறுப்பேற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு தெரியவரும் கணக்குகள்

1. முதல் ஓரிரு ஆண்டுக்குள் தகுதித் தேர்வு. எழுத்து அறிக்கை ஒன்று, குழுவின் முன் வாய்மொழித் தேர்வு ஒன்று. இதில் தேறினால்தான் முறையான முனைவர் வேட்பாளர்.

2. பணம் நான்கு ஆண்டு, கெடு அதைவிட நீளம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உச்சவரம்பு ஐந்து ஆண்டு. சோதனை ஆய்வு நான்கில் முடியாமல் இழுப்பது சாதாரணம். அந்த ஐந்தாம் ஆண்டுக்கு யார் பணம் தருவார் என்று சேரும் முன்பே நெறியாளரிடம் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் கேட்பது அதைவிட நல்லது. சென்ற மூன்று பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதை அவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

3. கற்பித்தல் கடமை. இளநிலை மாணவர்களுக்கு டுடோரியல், ஆய்வக வகுப்பு என்று மணிக்கணக்கு உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்புபவருக்கு இது பயிற்சி.

4. குடும்பம். இதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வெளிநாட்டு முனைவர் மாணவர் இருப்பது மாணவர் அனுமதி அட்டையில். அதை வைத்துக்கொண்டு கணவருக்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ சார்ந்திருப்போர் அட்டை எடுக்க முடியாது; அது குறிப்பிட்ட வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கான வசதி. திருமணம் நிச்சயமாகியிருப்பவர்கள் இதை இரு வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாழ்க்கைத் துணை இங்கே தனக்கென வேலையோ படிப்போ தேடிக்கொண்டு வந்தால் சேர்ந்திருக்கலாம், அது தனி விண்ணப்பம்.

5. பட்டத்துக்குப் பிறகு. எல்லாருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்காது என்பது உலகம் முழுவதற்கும் பொருந்தும். இங்கே குவாண்டத்தில் சிறு நிறுவனங்கள் சில வேர்பிடித்திருக்கின்றன: தகவல் பாதுகாப்பில் ஸ்பெக்ட்ரல், மென்பொருளில் ஹொரைசன், ஈர்ப்பு அளவீட்டில் அட்டோமியோனிக்ஸ். ஆனாலும் வெற்றிடம், லேசர், மின்னணுவியல், நிரலாக்கம் நான்கும் கைவந்தவருக்கு இவற்றுக்கு வெளியேயும், குறைகடத்தித் துறை உட்பட, இடமுண்டு. கைவேலை உள்ளவருக்குக் கதவு கூடுதல். இந்த விஷயத்தில் கோட்பாட்டுக்காரர் சற்றுப் பின்தங்கியவர்தான்.

முதல் சுற்றில் கிடைக்காவிட்டால்

நிராகரிப்புக் கடிதம் காரணம் சொல்லாது. எந்த மேசையில் நின்றது என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். நெறியாளர் சம்மதித்திருந்தும் பணம் வரவில்லையென்றால், அதே நெறியாளரோடு அடுத்த சேர்க்கைக்கு வேறு விருதில் முயல்வது சரியான வழி. நெறியாளரே கிடைக்கவில்லையென்றால் மதிப்பெண்ணைக் கூட்ட இன்னொரு பட்டம் வாங்குவதில் பயன் குறைவு. ஆய்வகத்துக்குள் ஒரு கால் வைப்பதே தேவை.

சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் அந்தக் கால் வைக்க எளிய வழி ஆய்வு உதவியாளர் வேலை. ஓராண்டு, சம்பளம், மத்திய சேமநிதி. நெறியாளர் ஆளைப் பார்க்கிறார், ஆள் நெறியாளரைப் பார்க்கிறார். அந்த ஓராண்டில் 'எனக்கு இது சரிப்படாது' என்று ஒருவர் விலகினால்கூட அது லாபம்தான், நான்கு ஆண்டு மிச்சம். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதற்கு வேலை அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதால் அது எளிதல்ல. அவர் இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால், ஏஸ்டாரின் பட்டமேற்படிப்புக்கு முந்தைய அனைத்துலக விருதுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு முதல் ஆறு மாதம் இங்கே ஓர் ஆய்வகத்தில் இருந்து வேலை செய்யும் வாய்ப்பு அது. பட்டம் வாங்கிய பிறகு நினைவுக்கு வந்தால் பயனில்லை. மூன்றாம் ஆண்டிலேயே நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டியது அதுதான்.